தட்டுல வெச்சா சொல்லிடுவேன்

பெரியக்காவுக்கு அந்த முப்பத்திரண்டு கருவிகளும் தண்ணி பட்ட பாடு. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரத்தக்கறையோடு திரும்பி வருகிற கத்தரி, இடுக்கி, கொக்கி எல்லாம் கழுவிக் காய்ந்து மேஜைக்கு வந்ததும், நீளமான எஃகுத் தட்டில் அதனதன் இடத்தில் அடுக்கி, எண்ணி, துணியில் சுற்றி, நீராவிப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கு ஏழு நிமிடம், எட்டு நிமிடம் ஆகும். அவளுக்கு நாலே நிமிடம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு நேரம் பார்த்தவர் ஹெட் நர்ஸ். பார்த்ததோடு நிற்காமல், "பெரியக்காவைப் பார்த்துக் கத்துக்கங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னவரும் அவர்தான். அதற்கப்புறம் இரண்டு நாள் பெரியக்காவின் கால் தரையில் படவே இல்லை என்று கூட வேலை செய்த ஒல்லி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

படாததில் நியாயம் உண்டு. பத்தொன்பது வருஷம் அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கிப் போட்டவள் அவள். எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள். ஐம்பத்தோரு வயதில், புதிய தியேட்டர் கட்டடம் திறந்தபோது, கருவி அறைக்கு ஆள் வேண்டும் என்று சலவையிலிருந்தும் வார்டுகளிலிருந்தும் பன்னிரண்டு பெண்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அதில் அவள் பெயரும் இருந்தது. எட்டு மாதம் பயிற்சி. முடிவில் வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பரீட்சை வைப்பார். தேறினால் நீல உடுப்பு, கருவிப் பணியாளர் என்று படம் போட்ட அட்டை. தேறாவிட்டால் வந்த வழியே திரும்பிவிட வேண்டியதுதான். அந்த அட்டையைப் பற்றி அவள் சலவைக்கூடம் முழுக்க முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். தோற்றுப்போய் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு எந்த முகத்தோடு நுழைவது என்று மட்டும் அவள் யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்திருந்தாள்.

ஐந்தாவது மாதத்தில் அவள் மருமகள் பயிற்சியாளராக வந்து சேர்ந்தாள்.

மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது, எப்படி மறக்கிறது என்பதைப் பெரிய படிப்பாகப் படித்தவள் மருமகள். பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். ஹெட் நர்ஸுக்கு வேலை கழுத்தை நெரிக்கிறது என்று மருத்துவமனையின் பெரிய டாக்டர்தான் அவளைக் கூப்பிட்டு, பன்னிரண்டு பேரில் ஆறு பேரை அவளிடம் கொடுத்தார். மீதி ஆறு பேர் ஹெட் நர்ஸிடமே இருக்கட்டும், எது சரிவருகிறது என்று பார்க்கலாம் என்றார். "பெரியக்கா உங்க பக்கம் இருக்கட்டும். அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, உங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்று ஹெட் நர்ஸ் தாராளமாகத் தூக்கிக் கொடுத்தார். பெரியக்கா தலைகால் புரியாமல் திரிந்தாள். வாயிற்காவலரிலிருந்து லிஃப்ட் இயக்குகிறவர் வரை நிறுத்தி வைத்து, "புதுசா வந்திருக்கற டீச்சர் எம் மருமக" என்று சொன்னாள்.

முதல் வகுப்பு. சுவரில் தட்டின் பெரிய வண்ணப்படம் தொங்கியது. எந்தக் கருவி எந்த வரிசையில், எத்தனையாவது இடத்தில் என்று எண்ணும் பேரும் போட்ட படம். மருமகள் உள்ளே வந்ததும் முதல் காரியமாக அதைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினாள். மேஜைமேல் பச்சைத் துணியை விரித்து, முப்பத்திரண்டு கருவிகளையும் மொத்தமாகக் கொட்டி, இரண்டு கையாலும் கலைத்துவிட்டாள். பெரியக்காவுக்குப் பொறுக்கவில்லை. அடுக்கி வைத்த சாமானை இப்படியா கொட்டுவார்கள்?

மருமகள் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். இரண்டு வளையம், பூட்டிக்கொள்கிற பல்சட்டம், குறுகலான வாய்.

"அத்தை, இது என்ன?"

பெரியக்கா வாயைத் திறந்தாள். தினமும் கையில் எடுக்கிற சாமான். பேர் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது வரிசையா, மூன்றாவது வரிசையா?

"தட்டுல வை மா, சொல்லிடறேன்" என்றாள்.

ஒல்லிதான் முதலில் சிரித்தாள். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றுகூடப் பெரியக்காவுக்கு உடனே விளங்கவில்லை. மருமகள் மட்டும் சிரிக்கவில்லை.

"தட்டுல வெச்சா, அது என்னன்னு தட்டு சொல்லிடும் அத்தை. எனக்கு நீங்க சொல்லணும்."

அப்போதுதான் பெரியக்கா திரும்பிப் பார்த்தாள். கதவருகில் ஹெட் நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். பெரியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மற்ற ஐந்து பேரையும் மருமகள் கேட்டாள். ஒருத்திக்கும் இரண்டு மூன்றுக்கு மேல் சரியாக வரவில்லை. ஆனால் அது பெரியக்காவுக்கு ஆறுதலாக இல்லை. அவர்கள் யாரும் யாருக்கும் மாமியார் இல்லை.

அன்று மாலை ஒரே பேருந்தில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வீட்டுக்கு வந்தார்கள். வீட்டில் அவள் மகன் டீ போட்டு வைத்திருந்தான்.

"உம் பொண்டாட்டிகிட்ட சொல்லு, டீ ஆறுதுன்னு" என்றாள் பெரியக்கா. மருமகள் ஒரு கை தூரத்தில்தான் இருந்தாள்.

"உங்கம்மாகிட்ட சொல்லுங்க, குடிச்சிட்டேன்னு."

"நான் போஸ்ட்மேன் வேலைக்குப் போகலாம் போலிருக்கே" என்று மகன் தம்ளர்களை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தான்.

மருமகள் எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அத்தை, உங்களை அசிங்கப்படுத்தணும்னு கேக்கல. நாலு மாசமா உங்க எல்லாருக்கும் இடம்தான் மனப்பாடம் ஆயிருக்கு, சாமான் ஆகல. பரீட்சைக்கு வர்றவங்க நம்ம தட்டையும் தூக்கிட்டா வருவாங்க?"

"பேசி முடிச்சியா? இப்ப நான் சொல்றேன் கேளு. வீட்டுல நான் மாமியார். அங்க நீ மேடம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. நாளையிலேர்ந்து அங்க அத்தை கித்தைன்னு கூப்பிடக் கூடாது."

"சரிங்க அத்தை."

"பாரு!" என்று மகனிடம் முறையிட்டாள் பெரியக்கா. அவன் சமையலறையில் தண்ணீரைச் சத்தமாகத் திறந்துவிட்டுக்கொண்டான்.

அடுத்து வந்த வாரங்களைப் பெரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். காலையில் போய் உட்கார்ந்தால் ஆளுக்கொரு வெள்ளைத்தாள். நேற்று நடத்தியதைக் கேட்டாலாவது எழுதலாம். மேடம் அதைக் கேட்க மாட்டாள். போன வாரத்தில் ஒன்று, மூன்று வாரத்துக்கு முன்னால் நடத்தியதில் ஒன்று என்று தோண்டித் தோண்டிக் கேட்பாள். எழுதி முடித்தபின் கையேட்டைத் திறந்து அவரவர் தாளை அவரவரே திருத்திக்கொள்ள வேண்டும். மார்க் கிடையாது, தாளை யாரும் வாங்குவதும் கிடையாது. கிழித்துப் போட்டாலும் கேட்பாரில்லை. அப்படியானால் எதற்கு இந்தக் கூத்து என்று ஒல்லி கேட்டதற்கு, "அலமாரியில அடிக்கடி எடுக்கற புடவைதான் அவசரத்துக்குக் கைக்கு வரும். உள்ள இருக்குங்கறது மட்டும் போதாது. தேடி எடுத்துப் பழகணும். அதுவும் மறக்கற நேரம் பார்த்துத் தேடினாத்தான் நிக்கும்" என்றாள் மேடம்.

இன்னொரு தொந்தரவும் இருந்தது. ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் ஒரு குறி போட வேண்டும். நிச்சயமாகத் தெரிந்தால் முழு வட்டம். சந்தேகமாக இருந்தால் அரை வட்டம். குத்துமதிப்பாக அடித்துவிட்டால் பெருக்கல் குறி. பெரியக்கா முதல் வாரம் பூராவும் முழு வட்டமாகப் போட்டுத் தள்ளினாள். திருத்தும்போது பாதி தப்பாக இருந்தது. தப்பாக எழுதியதைவிட, தப்பு என்று தெரியாமல் இருந்ததுதான் அவளைச் சுட்டது.

எதற்கெடுத்தாலும் 'ஏன்' வேறு. கழுவும்போது கத்தரியை ஏன் திறந்து வைக்க வேண்டும்? மூட்டுக்குள் ரத்தம் ஒளிந்துகொள்ளும், அதனால். இந்த இடுக்கியின் வாய்க்குள் ஏன் குறுக்குக் கோடு? ரத்தக்குழாயை வழுக்காமல் நசுக்கிப் பிடிக்க. அதே மாதிரி இருக்கிற இதன் வாய் ஏன் குட்டையாக, உள்ளே கட்டம் கட்டமாக இருக்கிறது? தையல் ஊசி உருண்டு ஓடாமல் இருக்க. முன்னது ஆர்டரி, பின்னது நீடில் ஹோல்டர். "கைப்பிடி எல்லாத்துக்கும் ஒண்ணுதான். வாயைப் பாருங்க. வாய் எப்படியோ வேலை அப்படி" என்று மேடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். ஒல்லி அவளுக்கு 'ஏன் மேடம்' என்று பேர் வைத்துவிட்டாள். பெரியக்கா அதற்குச் சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் சிரித்துவிட்டாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் பெரியக்கா வீட்டில் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஏழாவது தடவை. மஞ்சள் படாத வரி ஒன்று மிச்சமில்லை. துணி உலர்த்த வந்த மருமகள் நின்று பார்த்தாள்.

"எல்லாம் நல்லாப் புரியுதா அத்தை?"

"கரைச்சுக் குடிச்சாச்சு."

மருமகள் குனிந்து புத்தகத்தை மூடினாள். "இப்பப் படிச்ச பக்கத்துல என்ன இருந்துச்சு?"

பெரியக்கா கூரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பக்கத்தின் மேல் மூலையில் ஒரு படம் இருந்தது ஞாபகம் வந்தது. என்ன படம் என்பது வரவில்லை. "போ, போய் துணியைக் காயப்போடு" என்று எரிந்து விழுந்தாள். மருமகள் போனபிறகு, ஏழு தடவை படித்தது எங்கே போயிற்று என்று நிஜமாகவே பயமாக இருந்தது.

ஆறாவது வாரம் ஹெட் நர்ஸ் பன்னிரண்டு பேருக்கும் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தார். சுவர்ப்படம் நேராகத் திரும்பியது. தட்டு, வரிசை, கடிகாரம் எல்லாம் பழையபடி. ஹெட் நர்ஸின் ஆறு பேரும் தொண்ணூறுக்கு மேல். மருமகளின் ஆறு பேரில் எழுபதைத் தாண்டியவர் இரண்டே பேர். பெரியக்கா ஒவ்வொரு கருவியையும் எடுத்து, திருப்பி, வாயைப் பார்த்து வைத்ததில் நாலு நிமிட வேலை ஒன்பது நிமிடமாகியும் முடியவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தபோது அவள் கையில் இன்னும் ஆறு கருவி இருந்தது.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு மேடம். நீங்க வந்தப்புறம்தான் மறந்துபோச்சு" என்று ஒல்லி நேருக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர். மருமகள் தாள்களை அடுக்கினாள். மறுநாள் மதியம் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று தகவல் வந்தது. பயிற்சியைப் பழைய முறைக்கே மாற்றிவிடப் போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம்தான்.

ஹெட் நர்ஸ் பெரியக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனுஷி இல்லை அவர். இருபத்தைந்து வருஷம் தியேட்டரில் நின்று கால் நரம்பு சுருண்டவர்.

"பெரியக்கா, நீங்க நம்ம பக்கம் வந்துடுங்க. உறவு முக்கியம்தான். ஆனா அட்டை அதைவிட முக்கியம் இல்லையா?"

"நாளைக்குக் காலையில சொல்லிடறேன் சிஸ்டர்."

அன்று வீட்டில் மகன்கூட ஜோக் அடிக்கவில்லை. மருமகள் சாப்பிடாமல் எழுந்தாள். பெரியக்கா மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். மருமகளுக்கு வேறு வேலை கிடைக்கும், படித்தவள். தனக்கு வேறு என்ன இருக்கிறது?

காலையில் ஹெட் நர்ஸைத் தேடிக் கருவி அறைக்குப் போனாள். அவர் இன்னும் வரவில்லை. மேஜைமேல் ஹெட் நர்ஸின் குழு அடுக்கி, எண்ணி, கையெழுத்துப் போட்டு முடித்த நாலு தட்டுகள் துணி சுற்றுவதற்காகக் காத்திருந்தன. பெரியக்கா சும்மா நின்றுகொண்டு பார்த்தாள். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கண் அதுபாட்டுக்கு ஒவ்வொன்றின் வாயாகப் போயிற்று. குறுக்குக் கோடு, குறுக்குக் கோடு, குறுக்குக் கோடு, கட்டம்.

அவள் மறுபடி பார்த்தாள். மூன்றாவது தட்டில், ஆறு ஆர்டரி இருக்க வேண்டிய வரிசையில் நாலாவதாக ஒரு நீடில் ஹோல்டர் படுத்திருந்தது. நீடில் ஹோல்டரின் இடத்தில் ஒரு ஆர்டரி. எண்ணிக்கை முப்பத்திரண்டு சரி. ஒரு இடமும் காலி இல்லை. பார்க்கப் படம் மாதிரி அழகாக இருந்தது.

பெரியக்காவுக்குப் பயம் பிடித்தது. இந்தத் தட்டை நினைத்து அல்ல, இதைத்தான் பார்த்துவிட்டாளே. நாலே நிமிடத்தில் அடுக்கிய அந்த நாட்களில், சபாஷ் வாங்கிய அந்த நாட்களில், இப்படி எத்தனை தட்டு தன் கையெழுத்தோடு உள்ளே போயிற்றோ! வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, ரத்தம் பீறிடும்போது டாக்டர் கையை நீட்ட, ஆர்டரி வரிசையிலிருந்து நர்ஸ் எடுத்துக் கொடுப்பது வேறு எதுவோவாக இருந்தால்?

ஹெட் நர்ஸ் வந்ததும் பெரியக்கா மூன்றாவது தட்டைக் காட்டி, அந்த இரண்டையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் முகம் மாறியது. தட்டைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார்.

"அடுக்கி முடிச்ச தட்டுல எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"வாயைப் பார்த்தேன் சிஸ்டர்" என்றாள் பெரியக்கா. "நான் உங்க பக்கம் வரல. மன்னிச்சுக்கங்க."

மதியம் பெரிய டாக்டரின் அறைக்கு மருமகளும் ஹெட் நர்ஸும் போனபோது, யாரும் கூப்பிடாமலே பெரியக்காவும் பின்னால் போனாள். டாக்டர் மார்க் பட்டியலைத் தட்டிக் காட்டினார்.

"என்னம்மா இது? முன்னாடி நாலு நிமிஷம்னாங்க. இப்ப ஒன்பது நிமிஷமாமே?"

"ஆமா டாக்டர். நாலு நிமிஷம் ஆனப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாது. இப்பத்தான் தெரிஞ்சுகிட்டு இருக்கேன், அதான் நேரமாகுது." அவள் அதோடு விடவில்லை. "நேத்து வெச்ச பரீட்சையில தட்டு பாஸாச்சு டாக்டர். நாங்க தட்டை நம்பாம தனியா நின்னோம், அதனால தோத்தோம். இந்தப் பொண்ணு எங்களைப் பாடாப் படுத்துறா, அது நிஜம். ஆனா ஏழு வாரத்தை இவகிட்டயே விடுங்க."

டாக்டர் ஹெட் நர்ஸைப் பார்த்தார். காலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னவர் ஹெட் நர்ஸ்தான். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதற்காகவே பெரியக்காவுக்கு அவர்மேல் இருந்த மரியாதை இரண்டு மடங்கானது. ஏழு வாரம் கிடைத்தது.

மறுநாள் காலை மருமகள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பெரியக்கா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ம், கேளு."

"என்ன கேக்கறது அத்தை?"

"கேள்விதான். வேற என்ன?"

"வீட்டுல நீங்க மாமியார்னு..."

"மாமியார்தான் சொல்றேன். கேளு!"

அதற்கப்புறம் அந்த வீட்டில் கேள்விக்கு நேரம் காலம் இல்லாமல் போயிற்று. பேருந்தில், துணி மடிக்கும்போது, வாசல் பூட்டும்போது. மகன்கூட ஆர்டரிக்கும் நீடில் ஹோல்டருக்கும் வித்தியாசம் சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஒல்லியின் முழு வட்டங்கள் நிஜமான முழு வட்டங்களாகிக்கொண்டிருந்தன. குவியலைக் கொட்டினால் இப்போது யாரும் முகம் சுளிப்பதில்லை.

பரீட்சை நாள். தேர்வாளர் வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய அம்மாள். சொந்தமாக ஒரு எஃகுப் பெட்டி கொண்டுவந்திருந்தார். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். போனவர்கள் திரும்பி வந்து ஒன்றும் சொல்லக் கூடாது என்று சட்டம். ஆனால் ஹெட் நர்ஸின் குழுவிலிருந்து முதலில் போனவள் பேயறைந்த மாதிரி வெளியே வந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

பெரியக்கா ஏழாவதாகப் போனாள். மேஜைமேல் தட்டு இல்லை. ஒரு குவியல். வேறு கம்பெனிச் சாமான்கள். சில நீளம், சில குட்டை, சிலவற்றின் வளையத்தில் தங்க நிறம். ஆனால் வாய்கள் தெரிந்த வாய்கள்தான்.

தேர்வாளர் ஒவ்வொன்றாக நீட்டினார். ஆர்டரி. நீடில் ஹோல்டர். முனையில் பல் இருக்கிறது, அப்படியானால் கோக்கர் இடுக்கி. வளைந்த கத்தரி சதைக்கு, நேர்க்கத்தரி நூலுக்கு. ஏன் என்று கேட்டதற்கெல்லாம் ஏன் என்று சொன்னாள். ஒரு இடத்தில், "இது அரை வட்டம்தான்மா, நிச்சயமில்ல" என்றாள். தேர்வாளர் புரியாமல் பார்க்க, அவள் வட்டக் கணக்கை விளக்கினாள். "தெரியாததைத் தெரியும்னு சொல்லி உள்ள அனுப்பினா ஆபத்துதானே" என்றாள். தேர்வாளர் எதையோ எழுதிக்கொண்டார்.

கடைசியாகப் பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். பெரியக்கா அதை வாழ்நாளில் பார்த்ததில்லை. கையேட்டிலும் இல்லை. அவர்கள் மருத்துவமனையிலேயே கிடையாது.

"பேர் தெரியலைம்மா" என்றாள் உடனே.

"பரவாயில்ல. இது பாடத்துல இல்லாதது. வெச்சிடுங்க."

பெரியக்கா வைக்கவில்லை. திருப்பிப் பார்த்தாள். பூட்டினாள், திறந்தாள். வாயை விரல் நுனியால் தடவினாள். மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி பேச ஆரம்பித்தாள்.

"ஆர்டரியில கோடு குறுக்கால போகும். நசுக்கறதுக்கு. இதுல நெடுக்க ஓடுது. வாய் நீளம், மெலிசு. அமுக்கினா லேசா வளையுது. முதல் பல்லுல பூட்டினா முழுசா மூடக்கூட இல்ல... நான் பத்தொன்பது வருஷம் துணி துவைச்சவம்மா. போர்வைக்கு மாட்டற கிளிப்பை மெல்லிசு துணியில போட்டா தடம் விழுந்து துணி போயிடும். அதுக்குன்னு தனியா மெத்துன்னு ஒரு கிளிப் உண்டு. இதுவும் அந்த ஜாதி. பிடிக்கணும், ஆனா நசுக்கக் கூடாது. அகலமா, மெத்துன்னு, குழாய் மாதிரி இருக்கற எதையோ..." அவள் நிமிர்ந்தாள். "வயித்துக்குள்ள அப்படி இருக்கறது குடல்தான். குடலைப் பிடிக்கறதா இருக்கும். இதுவும் முழு வட்டம் இல்ல. முக்கால் வட்டம்."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "குடல் இடுக்கிதான்" என்றார். "முப்பது வருஷமா இதைக் காட்டறேன். பார்த்ததே இல்லாம சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

சாயங்காலம் பயிற்சி அறையில் எல்லாரையும் உட்காரவைத்து முடிவைப் படித்தார்கள். மருமகளின் ஆறு பேரில் ஐந்து பேர் தேறியிருந்தார்கள். ஒல்லி தன் பேரைக் கேட்டதும் நாற்காலியோடு சேர்ந்து எழுந்துவிட்டாள். ஹெட் நர்ஸின் ஆறு பேரில் இரண்டு பேர். தவறியவர்களை உடனே திருப்பி அனுப்ப வேண்டாம், அடுத்த மாதம் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று தேர்வாளர் கேட்க, பெரிய டாக்டர் ஒப்புக்கொண்டார். ஹெட் நர்ஸ் எழுந்தார். "எம் புள்ளைங்களையும் நீங்களே எடுத்துக்கங்க மேடம். ஒரு நாற்காலி கூடப் போடுங்க, நானும் உக்காரணும்" என்றார். சொல்வது அவருக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் நிமிர்ந்து நின்றுதான் சொன்னார்.

முதலிடம் பெரியக்கா. குடல் இடுக்கி விஷயத்தைத் தேர்வாளரே எல்லாருக்கும் சொன்னார். சலவைக்கூடத்திலிருந்து வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பெரியக்காவுக்கு நீல உடுப்பு, அட்டை, படம் எதுவும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. தெரியாத ஒன்றைத் தன் கையால் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொண்ட அந்த ஒரு நிமிடம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

தேர்வாளர் சொல்லி முடித்ததும் மருமகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அத்தை, அந்த இடுக்கியை நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லையே!"

"நீ எதைத்தாண்டி சொல்லிக் கொடுத்த?" என்றாள் பெரியக்கா, அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "எல்லாத்தையும் என்கிட்டதானே கேட்ட!"